ஒன்று உதைக்கிறது

ஆட்டுக் கப்பல் கதவு திறந்ததும்
முதலில் இறங்குவது வாடை.
ஷுவைக் துறைமுகம், ஆகஸ்ட்.
என் வேலை கோடு போடுவது:
நான்கு நிற்கும், ஐந்தாவது குறுக்கே படுக்கும்.
செத்தவை ஆயிரத்து நூற்றுப் பதினேழு.
நூற்றுக்கு இரண்டைத் தாண்டாவிட்டால்
டாக்டர் ஹுசாம் கையெழுத்திடுவார்.
தாண்டவில்லை.

ஏழாம் தட்டில் காற்றாடி நின்ற இரவு
தண்ணீர்க் குழாயோடு உள்ளே போன
மணப்பாட்டு ஆரோக்கியசெல்வன்
திரும்பவில்லை.
"மேலேயே இருந்திருக்கலாம், ஆட்டுக்காகப் போனான்"
என்றான் கூட்டாளி, வைவதுபோல்.
அவனால் பிழைத்தவை நானூறாம்.
படிவத்தில் அவனுக்குக் கட்டமில்லை.

ஆட்டுக்கு ஐந்தறிவு, நமக்கு ஆறு.
பள்ளிக்கூடத்தில் கழித்தால் ஒன்று வரும்;
அந்த ஒன்று எத்தனை ஆட்டு எடை
என்று யாரும் நிறுத்துக் காட்டவில்லை.
நானூறு என்றால் அவனை விற்றதுபோலிருக்கிறது.
நாலாயிரம் என்றாலும்தான்.
கணக்கே கூடாதென்றால்
அவன் ஏன் போனான்?
பிழைத்ததும் இந்த மாதத்துக்குள் அறுபடும்;
அவன் கொடுத்தது
தலைக்கு இரண்டு வாய் தண்ணீர்.

லாரியேறும் செம்மறி ஒன்று
என் முழங்கை உப்பை நக்கியது.
அந்தச் சொரசொரப்பில்
பென்சில் நின்றுவிட்டது.
பின்னால் ஹாரன்.

இரவு மூன்று முறை கூட்டினேன்.
ஒன்று உதைக்கிறது.