மந்தை மதிப்பீடு

உலான்பாட்டரில் பிப்ரவரி மாதம்
கால்குலேட்டருக்கும் குளிரும்.
பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றால்
திரையில் எண்கள் சோம்பி எழும்.
ஏழு வந்த பிறகும் நாலு போகாது.
ஞாம்சுரேன் அதைக் கம்பளிச் சட்டைக்குள்
மார்போடு ஒட்டிக் கொண்டுவருவாள்.
கடன் பிரிவில் எங்கள் மேசைகள் எதிரெதிர்.
காலையில் அவள் எடுத்து வைக்கும்போது
இளஞ்சூடு இருக்கும்.
தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

இருவரும் ஒரே பட்டயத்துக்குத்தான் படித்தோம்.
மூன்று நிலை,
நிலைக்கு முன்னூறு மணி நேரம் என்பார்கள்.
முன்னூறில் முடிக்கிறவர்கள் யாரோ.
அவள் மூன்றாவதில் இருந்தாள்.
நான் இரண்டாவதில், இரண்டாம் தடவை.
மதியத்தில் ஆவியில் வெந்த இறைச்சிக் கொழுக்கட்டை,
பக்கத்தில் கடன்பத்திரக் கணக்கு.
"வட்டி ஏறினால் விலை?" என்பாள்.
"இறங்கும்" என்பேன் வாய் நிறைய.
"எவ்வளவு?" என்பாள்.
ஒவ்வொரு தடவையும் அந்த எவ்வளவில்தான் தோற்றேன்.

அந்தக் குளிர்காலம் ஜுட் வந்தது.
பகலில் இளகிய பனி இரவில் இறுகி
புல்லின்மேல் கண்ணாடியாய் மூடிக்கொள்ள,
ஆடுகள் மூக்கால் முட்டிப் பார்த்துவிட்டு
நின்றபடியே செத்தன.
பாடநூலில் திட்டவிலக்கம் உண்டு.
நின்றபடி சாவதற்கு அதில் குறியீடு இல்லை.

எங்கள் கோப்புகளில் மந்தைதான் ஈடு.
லுவ்சந்தோர்ஜ், அர்ஹங்காய் மாகாணம்,
அறுநூற்றுப் பன்னிரண்டு தலை,
எண்ணியது செப்டம்பரில்.
மார்ச்சில் தொலைபேசியில் கேட்டபோது
முதலில் இருமினார்.
பிறகு சொன்னார்:
"எண்பது. நாளைக்கு எழுபது."

மேலாளர் ஓத்கோன்பயார் நல்லவர்.
கத்தமாட்டார், கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுவார்.
"காலாண்டு முடியட்டும்.
இந்த முப்பது கோப்பிலும் செப்டம்பர் எண்ணே இருக்கட்டும்.
பொய்யில்லையே,
அன்றைக்கு அத்தனை ஆடு இருந்ததுதானே."

ஞாம்சுரேன் எண்பது என்று அடித்தாள்.
மறுநாள் வந்து
அதையும் எழுபது ஆக்கினாள்.
அன்று மாலை கோப்புகள்
அவள் மேசையிலிருந்து இரண்டடி நகர்ந்தன.
எதிர் மேசை என்னுடையது.

முப்பது கையெழுத்து.
பத்துக்குப் பிறகு கை தானாகவே போட்டுக்கொள்கிறது.
இருபதுக்குப் பிறகு
பெயர் பெயராகத் தெரிவதில்லை.
லுவ்சந்தோர்ஜ் எத்தனையாவது என்று
இப்போது நினைவில்லை.
அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

ஏப்ரலில் அவளுக்குத் தேர்ச்சி.
கேக் வெட்டினோம்.
ஓத்கோன்பயார்தான் முதலில் கை தட்டினார்.
கோடையில் அவள் வேறு வங்கிக்குப் போனாள்,
பெயருக்குப் பின்னால் மூன்றெழுத்து போட்ட
புது அட்டையோடு.
புத்தகங்களை எனக்கு விட்டுப்போனாள்.
பங்கு மதிப்பீட்டில் பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் கோடு,
ஓரமெல்லாம் ஆசிரியரோடு சண்டை,
நாணய மாற்றின் மேல் பால்தேநீர்க் கறை.
அறநெறிப் பகுதி மட்டும்
கடையில் வாங்கிய மாதிரி இருந்தது.
படிக்காமலே விட்டாள் போலிருக்கிறது
என்று நினைத்தேன்,
கொஞ்ச நாள்.

நவம்பரில் என் மூன்றாம் தடவை.
வாசலில் கண்காணிப்பாளர்
கால்குலேட்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு
"நினைவகத்தை அழியுங்கள்" என்றார்.
அழித்தேன்.
என் பையில் கிடந்து விறைத்திருந்ததால்
மெதுவாகத்தான் அழிந்தது.

முதல் தொகுப்பு:
ஓர் ஆய்வாளர், ஒரு மேலாளர்,
ஈட்டுக்குப் பழைய மதிப்பு.
ஆட்டுக்குப் பதில் கிடங்கில் செம்பு.
அ, ஆ, இ மூன்றில்
ஆ.

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.
அந்தக் கேள்வியில் எனக்கு
ஒன்றரை நிமிடம் மிச்சம்.