மூன்றாம் குழாய்

காலை எட்டரைக்கே வெயில் முற்றிவிட்டது.
உப்புவெளியில் பஸ்ஸுக்குள் ஏறிய காற்று
நிலாவெளி வரைக்கும் இறங்கவில்லை.
ஆய்வுகூடக் கதவில் தொங்குவது
இந்த வருஷத்தின் மூன்றாவது பூட்டு.
முதல் இரண்டையும் கடல் தின்றது,
இருந்த இடத்திலிருந்தே.

என் கையில் இருப்பது
பதினெட்டு எழுத்து நீளமான டி.என்.ஏ.
அதில் பன்னிரண்டு ஜி.
யாருடைய மூக்கும் கண்ணும்
இதற்குள் எழுதப்படவில்லை.
வெறும் தண்ணீரில் விட்டால்
உடம்பு முழுக்க எதிர்மின்.
தன் முதுகே தனக்கு ஆகாமல்
விறைத்துக் கிடக்கும்,
காணிச் சண்டைக்குப் பிறகு
ஒரே வளவில் வாழும் அண்ணன் தம்பி மாதிரி.

உப்பு வந்தால்தான் சமாதானம்.
நாலு நாலு ஜி-யாகக் கை கோத்து
தட்டின் மேல் தட்டாக அடுக்கும்.
நடுவில் ஒரு துவாரம் மிஞ்சும்.
அதில் யார் உட்காருவது?

லித்தியம் மெலிசு, அங்கே தரிக்காது.
சோடியம் உட்காரும், ஒரு கால் வெளியே வைத்து.
பொட்டாசியம் வந்து குந்தினால்
அளவெடுத்துத் தைத்த சட்டை.
அப்போதுதான் அந்த நூல் நொதியாகிறது.
ஹீமினைத் தலையில் ஏற்றிக்கொண்டு
பெரொக்சைட்டை உடைத்து
நிறமற்ற சாயத்தைப் பச்சையாக்கும்,
கொட்டியாரக் குடாவில்
ஆழம் தொடங்கும் இடத்துப் பச்சை.

றிஸ்மியாவும் நானும் மூன்று குழாய் வைத்தோம்.
பொட்டாசியம்: பச்சை.
சோடியம்: பச்சை என்று சொன்னால் பச்சை.
லித்தியம்: ஒன்றும் ஆகக் கூடாது.
அதுவும் பச்சை.

நாலு நாளும் பச்சை.
தண்ணீரை மாற்றினோம்.
குழாய்களை மாற்றினோம்.
என் வியர்வை விழுகிறதோ என்று
மின்விசிறியை என் முகத்துக்கு நேரே திருப்பினாள்.
உடனே கரண்ட் போனது.

ஐந்தாம் நாள் அவள்
பீ.எச். மானியின் கண்ணாடிக் கோலை
யன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.
"இதுக்குள்ள என்ன ஊத்திக் கெடக்கு?"

பொட்டாசியம் குளோரைட். மூன்று மோலார்.
கரைசலில் வைத்த ஒவ்வொரு தடவையும்
நுனியால் கசிந்திருக்கிறது,
கொஞ்சம், கொஞ்சம்.
சரியா என்று பார்க்கத் தொட்டதிலேயே
பிழைத்துப் போயிருக்கிறது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
நான் பார்த்துப் பார்த்து நிறுத்துப் போட்ட உப்பை
அது நினைக்கவே இல்லை.
தெரியாமல் விழுந்ததைத்தான்
நடுவில் வைத்திருந்தது.

இனி ஒரு கரண்டி தனியே எடுத்து
அளந்ததும் கொட்டிவிட வேண்டும்.
மிச்சப் போத்தலில் றிஸ்மியா எழுதி ஒட்டினாள்:
அளக்காதது.

அவள் கிண்ணியா பஸ் ஏறினாள்.
நிலையத்துக்கு வெளியே
மதிலோடு சாத்திய சைக்கிளின் கைப்பிடியை
ஒரு புள்ளிமான் நக்கிக்கொண்டிருந்தது.
பகல் முழுக்க யாரோ இறுக்கிப் பிடித்த இடம்.
சைக்கிள்காரர் வந்தார்.
விரட்டக் கை ஓங்கியவர்
எதையோ யோசித்து இறக்கினார்.
அது மற்றக் கைப்பிடிக்கு மாறியது.
நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.