இருபத்தொன்றாம் மாடி

நரிமன் பாயிண்டில் சாகர் ஷிகர் நின்ற இடத்தில்
இப்போது தகர வேலி,
உள்ளே பள்ளம், நீர் இறைக்கும் மோட்டார் சத்தம்.

கருத்தரங்கில் பட்லிவாலா படம் காட்டினார்:
வெயிலைச் சீவித் தள்ளும் கான்கிரீட் இமைகள்.
"வேறெந்த ஊரிலும் முளைத்திருக்காத உயரம்" என்றார்.
"கடலை மறைத்த திமிர்" என்றாள் கடைசி வரிசை மாணவி.
இருவருக்கும் கைதட்டல்.

பெண்கள் கழிப்பறை பதினாறில் மட்டும் என்பதை
யாரும் சொல்லவில்லை.
ஐந்து மாடி இறங்கி ஏறியிருக்கிறேன்
ஏழு மாத வயிற்றோடு,
லிஃப்ட் படுத்துவிட்ட ஒரு ஜூனில்.

அதே ஜூனில்தான்
மழை கடல்மேல் நடந்து வருவதைத்
தரைக்குப் பத்து நிமிடம் முன்பே பார்த்தேன்.
இன்டர்காமில் கீழே ரெமீஜியஸுக்குச் சொன்னேன்.
அவர் வாசலில் பேல்பூரிக்காரனுக்குச் சொன்னார்.
விரிந்தது நீல பிளாஸ்டிக் ஷீட்,
மேலிருந்து பார்க்க
ஒரு பஸ் டிக்கெட் அளவுக்கு.
பிறகு ஒவ்வொரு மழைக்கும் அதுவே வழக்கமாயிற்று.

இடித்தது சரியா, கை தூக்குங்கள் என்றார்கள்.
சரி என்பதற்கும் தூக்கினேன்,
தப்பு என்பதற்கும்.
எண்ணிக்கொண்டிருந்தவர் முறைத்தார்.

வெளியே வந்தால் கொட்டுகிறது.
குடை எடுத்து வரவில்லை.
யாரும் சொல்லவில்லை.