பதிமூன்று ஏ

எங்கள் கட்டடத்தில் நான்காம் மாடி கிடையாது.
மூன்றுக்கு அடுத்தது மூன்று ஏ.
பதிமூன்றுக்கு அடுத்து நாங்கள்.
நான்கைச் சொன்னால் சீனத்தில் சாவின் ஓசை வருமாம்.
பெயரை மாற்றிய பிறகும்
வீட்டை விற்றவர் ஐயாயிரம் வெள்ளி குறைத்தார்.

அன்று மாலை கெம்போங் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.
தலை லேசாகச் சுற்றியது.
சர்க்கரை இறங்கிவிட்டதென்று
ஒரு கோப்பி மிட்டாயை வாயில் போட்டுக்
கண்ணை மூடி நின்றேன்.
கண்ணுக்குள்ளும் அது நிற்கவில்லை.
திறந்தால்
கூடத்து விளக்கு ஆடிக்கொண்டிருந்தது,
வேலையற்றவன் உட்கார்ந்து காலாட்டுவதுபோல.

நல்லவேளை, எனக்கு ஒன்றுமில்லை,
பூமிக்குத்தான் என்று நினைத்தேன்.
வெட்கமாக இருக்கிறது,
ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

லிஃப்டில் ஏறக்கூடாது என்பது
யார் சொல்லி எப்போது என் தலைக்குள் போனதோ,
படிகளில் ஓடினேன்.
இல்லாத நான்காம் மாடிக்கும் படிகள் இருந்தன.
மூன்று ஏ என்று எழுதிய சுவரில் சாய்ந்து
மூச்சு வாங்கினேன்.

கீழே, கார்கள் நிற்கும் இடத்தில்,
மிஸ்டர் கூ அரைக்கால் சட்டையோடு, நாயோடு.
ஒன்பதாம் மாடி ஆசிரியை
இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்,
வயர் தரையில் இழுபட.
எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தபோதுதான் தெரிந்தது:
என் கையில் பாதி கழுவிய மீன்.
பூனைகள் என்னை மரியாதையோடு சூழ்ந்தன.

காவலர் பிமல் குருங் ஓடவில்லை.
நாற்காலியைக் கூரைக்கு வெளியே இழுத்துப் போட்டு
உட்கார்ந்திருந்தார், சப்பாத்துக் கயிறு இறுகக் கட்டி.
அவர் மேசையில் எப்போதும் ஒரு பாதித் தண்ணீர் பாட்டில்.
குடித்து முடிக்காத சோம்பல் என்று
இரண்டு வருடமாக நினைத்திருந்தேன்.
அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.
"இது வால்," என்றார் மலாயில்.
"தலை வேறெங்கோ."

சுமத்ராவாம்.
பஸ் நம்பர் சொல்வதுபோல யாரோ சொன்னார்கள்.
ஏழு தசம் ஏதோ.
பினாங்கிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று
ஆளாளுக்குக் கைப்பேசியில் தேடினார்கள்.
தூரம் கூடக்கூட முகங்கள் தெளிந்தன.

யூஸ்னிடார் மட்டும்,
கூ வீட்டில் வேலைசெய்பவள், பாரியாமான்காரி,
அதே தூரத்தை மறுமுனையிலிருந்து எண்ணினாள்.
அவள் காதில் வைத்திருந்த பழைய பொத்தான் கைப்பேசியில்
ஒரு பெண்குரல்,
நீங்கள் அழைக்கும் எண் தற்போது,
நீங்கள் அழைக்கும் எண் தற்போது,
பதற்றமே இல்லாத குரல்.
மிட்டாய் இன்னும் என் வாயில் இருந்தது.
துப்பவும் முடியவில்லை,
கடிக்கவும் முடியவில்லை.

சமையலறைச் சுவரில் ஒரு விரிசல்.
புருவம் அளவுதான்.
பிறகு வந்த பொறியாளர் விரலால் தட்டிவிட்டு
பூச்சுதான், கட்டடம் கல்லுமாதிரி என்றார்.
கல்லும் அங்கே மண்ணுக்கு மேலேதானே இருந்தது என்று
கேட்க வாய் வந்தது.
அது முடியும் இடத்தில் பென்சிலால் கோடிழுத்துத்
தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

அன்றிரவு
கட்டிலருகே ஒரு பாதித் தண்ணீர் பாட்டில் வைத்தேன்.
"குடிச்சா குடி, இல்லன்னா மூடி எடுத்து வை,"
என்றார் சித்திரவேலு.
பாயான் லெப்பாஸில் பகல் ஷிப்ட் முடித்து
அஸ்திவாரமே நகர்ந்தாலும் அசையாத தூக்கம் அவருக்கு.

மூன்று மணிக்குத் தண்ணீர் நடுங்கியது.
எழுந்து உட்கார்ந்தேன்.
ஜெலுத்தோங் சாலையில் ஒரு லோரி.
வட்டங்கள் ஒவ்வொன்றாக அடங்கின.
அப்போதுதான் கேட்டது,
சுவருக்கு அந்தப் பக்கம்
பொத்தான்கள் அழுந்தும் ஒலி.
கடைசி எண்ணுக்குப் பின் அமைதி.
மறுபடி முதலிலிருந்து.
எத்தனை முறை என்று எண்ணத் தொடங்கி
நான்குக்கு முன்னால் நிறுத்திக்கொண்டேன்.

விடியுமுன் அவள் குரல்.
ஒரே ஒரு சொல், அம்மா என்பதற்கு அவர்கள் சொல்.
அதை யாரிடம் சொன்னாள்,
எடுத்தவரிடமா, எடுக்காத எண்ணிடமா,
சுவர் அதைச் சொல்லவில்லை.

பாட்டிலைப் பார்த்தேன்.
தண்ணீர் அசையாமல் இருந்தது.
அதை நம்பலாமா என்று தெரியாமல்
பார்த்துக்கொண்டே இருந்தேன்.