வருகைப் பதிவேடு

கண்ணீர் அஞ்சலிக்குப் பேர் கேட்டான்
சிங்காநல்லூர் ஃப்ளெக்ஸ் கடைப் பையன்.
வைண்டிங், என்றேன்.
பேருங்ணா, என்றான்.

ஆதாரில் பொன்னான் என்றிருந்தது.
அந்தப் பேருக்கு எங்கள் எட்டு லைனிலும்
ஒருத்தர் அழமாட்டார்கள்.

எங்களுக்குப் பேர் வைத்தது டிபார்ட்மெண்டு.
ப்ளோரூம் அந்தோணி, ரீலிங் சரசாள்.
ரிங்ஃபிரேம் மட்டும் மூன்று பேர்:
கருப்பு ரிங்ஃபிரேம், கண்ணாடி ரிங்ஃபிரேம்,
வாங்கிய கடனைத் திருப்பாத ரிங்ஃபிரேம்.
அவரும் வந்திருந்தார்,
பந்தலுக்கு வெளியே நின்றார்.

இப்படிக்கு யாருங்ணா?
எட்டு லைனும்னு போடு.
லைன்னா என்னங்ணா?
போடு கண்ணு, மழை வருது.

பேச்சு ஸ்ட்ரைக்குக்குத் திரும்பியது,
எந்தச் சாவிலும் திரும்புகிற மாதிரி.
எண்பத்தி மூணு நாள் என்றார் கருப்பு.
தொண்ணூத்தி ஒண்ணு, நோட்டீசு எங்கிட்ட இருக்குது
என்றார் அந்தோணி.
இருபது வருஷமாக இருக்கிறது, ஒருவரும் பார்த்ததில்லை.
சரசாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னாள்:
நாளுக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாதுங்.
எந்தோடு சேட்டு கடைக்குப் போச்சு.
வர்ல.

பாடை மில் கேட்டில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும்.
யார் தொடங்கிய வழக்கமோ.
இப்போது கேட் இல்லை, பதினாலு மாடி.
கேட் இருந்த இடத்தில்
மஞ்சளும் கறுப்புமாய் ஒரு தடுப்புக் கட்டை.
உள்ளே வாகைமரம் மட்டும் பழசு,
அதனடியில் சைக்கிள் ஸ்டாண்டு இருந்தது.
யாரோ ஒரு குழந்தை சறுக்கு விளையாடிக்கொண்டிருந்தது.

தப்பு ஓய்ந்தது.
காவலுக்கு நின்ற பையன் ஒடிசாக்காரன்.
இத்தனை பேரையும் ஒரு பிணத்தையும் பார்த்து
என்ன செய்வதென்று தெரியாமல்
நோட்டை நீட்டினான்.

கண்ணாடி ரிங்ஃபிரேம் சட்டைப்பையைத் துழாவிக்
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
நிதானமாக நிரப்பினார்.
பெயர்: வைண்டிங்.
யாரைப் பார்க்க: ரெண்டாவது ஷிப்டு.
வந்த நேரம்: மூன்றரை.
போன நேரம்,
அங்கே பேனா நின்றது.

அத உடுங்க, என்றார் அந்தோணி,
கிராஜுட்டி கேசு இன்னும் நெலுவைலதானுங்களே.
யாரோ சிரித்தார்கள். வைண்டிங்கின் மகள்தான்.

கட்டை மேலே எழுந்தது.
எங்களுக்கா, பின்னால் ஹாரன் அடித்த
சாப்பாட்டு வண்டிக்கா, தெரியவில்லை.
நாங்கள் நொய்யல் பக்கம் திரும்பினோம்.