இடம் போதவில்லை

மஞ்சக்குப்பம். வங்கியின் தலைமை அலுவலகம்.
மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை.
பன்னிரண்டு முதல் நான்கு வரை எனக்கு அனுமதி.
நாலரைக்கு ஏ.டி.எம். எல்லாம் கண்விழித்தாக வேண்டும் என்று
கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

"ஏசி ரூம்புக்குள்ள செருப்பு வேணாம்மா"
என்றார் காவலர் கலியபெருமாள்.
ஏசி ஓடவில்லை.

ரவுட்டர் ஆறு வருடம் பதினோரு வாரமாக
அணையாமல் இருக்கிறது. கேட்டால்
அதுவே சொல்கிறது.

அடுத்துக் கேட்டேன்:
நினைவில் ஓடுவதும் எழுதி வைத்ததும் ஒன்றா?
இல்லை.
பதினேழு வரிகள் எங்கும் சேமிக்கப்படவில்லை.
யாரோ ஒரு மழைநாளில் தட்டிவிட்டு,
மறந்தோ, கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகியோ
எழுந்து போயிருக்கிறார்.
யூபிஎஸ் ஒருமுறை அசந்திருந்தால்
பரங்கிப்பேட்டை என்றொரு கிளை இருந்ததே
இதற்குத் தெரிந்திருக்காது.

அதில் ஒரு வரி, ஆங்கில எழுத்தில் தமிழ்:
"பரங்கிப்பேட்டை. தொங்கினா மாசிலாமணி."
பிறகு ஒரு செல் நம்பர்.

சேமித்தேன். லேப்டாப்பிலும் ஒரு படி.

அணைத்தேன்.
விசிறி நிற்க எடுத்துக்கொண்ட நேரத்தில்
கலியபெருமாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மூடியைக் கழற்றினால் உள்ளே கடலூர்.
திருகுகளின் தலையில் துரு.
முனைகளில் பச்சை.
ஒரு பல்லி முட்டை ஓடு.
கடல் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதாம்.
மணிக்கட்டில் கம்பிப்பட்டை கட்டி
பழைய மெமரியின் தங்கப் பற்களை
பென்சில் ரப்பரால் தேய்த்தேன்.
என் பையிலேயே விலை குறைந்த கருவி அதுதான்.
புதியதைப் பக்கத்தில் அழுத்த
இரண்டு காதும் டக்கென்று பூட்டின.

எழுந்தது. எண்ணிப் பார்த்து
மெமரி இரட்டிப்பு என்றது.
ஃபிளாஷ் அதே அறுபத்து நான்கு எம்பி.
குடியிருப்பது நாற்பத்தொன்று.
வருவது ஐம்பத்தெட்டு.
இடம் போதவில்லை என்றது
முகம் பார்க்காத கண்டக்டர் போல.
பெரிய கார்டு கேட்டு மூன்று மடல் போட்டிருந்தேன்.
வாங்கும் பிரிவு மெமரிக்கு மட்டும் சம்மதித்தது.

அழி.
உறுதியா? என்டர்.
உறுதியா? என்டர்.

இப்போது அது
தன்னை எழுதிய ஏடு இல்லாமல் ஓடுகிறது.
மெமரிக்குள் விரித்த வரைக்கும்தான் உயிர்.
ஒன்றும் நடக்காத முகத்தோடு
பொட்டலங்களைப் பிரித்துப் பிரித்து அனுப்புகிறது.

ஆச்சரியக்குறிகள் வரத் தொடங்கின,
துண்டு துண்டாக வந்து சேரச் சேர.
!!!!!!!!!!!!!!!!!!!!!!
இத்தனை ஆச்சரியப்படும் எந்திரத்தை
வேறெங்கும் பார்த்ததில்லை.

இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.

யூபிஎஸ் கத்தியது. பேட்டரியில் ஒட்டிய சீட்டில்
மாற்றிய தேதி அழிந்திருந்தது.
டார்ச்சை என் முகத்தில் அடித்து
"நீ எதனா பண்ணியாம்மா?" என்றார்.
!!!!!!!!!
!!!!.!!!!
ஒரு புள்ளி. ஒரு துண்டு தவறி
மறுபடி கேட்கிறது.
நானும் மறுபடி மூச்சு விட்டேன்.

சரிபார்ப்பு எண், முப்பத்திரண்டு எழுத்து.
வாக்காளர் பட்டியலில் பேர் தேடுவதுபோல்
விரல் வைத்துப் படித்தேன். சரி.
கரண்ட் வரும்வரை காத்திருந்து மறுதொடக்கம்.

பண்ருட்டி வந்தது. நெல்லிக்குப்பம். புவனகிரி.
குறிஞ்சிப்பாடி.
விருத்தாசலம் கொஞ்சம் சோம்பி.
பரங்கிப்பேட்டை வரவில்லை.

மூன்று முப்பத்தெட்டு. அந்த நம்பர்.
இரண்டாவது மணியில் எடுத்தார்.
பின்னால் ஐஸ் அரைக்கும் இரைச்சல்.
அந்த வேலையை விட்டு நாலு வருஷமாம்.
முதுநகரில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறாராம்.
"அந்தப் பொட்டி இன்னும் ஓடுதா?"
சிரித்தார்.
"பக்கத்துல இருக்குற மோடத்த ஆஃப் பண்ணிட்டு
இருபது எண்ணுங்க. பத்து பத்தாது."

எண்ணினேன்.
பன்னிரண்டிலிருந்து கலியபெருமாளும் சேர்ந்துகொண்டார்.

பச்சை.

மாசிலாமணி வரியில்
"இருபது எண்ணவும்" என்று சேர்த்தேன்.
சேமித்தேன்.
சேமித்தேனா என்று
செருப்பு மாட்டியபின் திரும்பி வந்து பார்த்தேன்.