ஆசிரியர் பெயர் தெரியவில்லை

எமரென்சியின் கித்தார் கொழும்பில் செய்தது.
பெரியப்பா கப்பலில் கொண்டு வந்தது.
தங்கச்சிமடத்துக் காற்றில்
மூன்று நரம்பு துருவேறி அறுந்ததும்
வலைக்கடையில் தங்கூசி வாங்கிக் கட்டினாள்.
மெல்லியதுக்குச் சங்கரா தூண்டில் நம்பர்,
தடித்ததுக்குச் சீலா நம்பர்.
சுதி நிற்காது.
நிற்காத சுதியிலேயே பாடப் பழகினாள்.
"வாடைக்கு ஒண்ணு, சோழகத்துக்கு ஒண்ணு,
காத்துதானய்யா சுதி வைக்குது" என்பாள்.

பகலில் இறால் கம்பெனியில் தலை கிள்ளும் வேலை.
ஐஸ் தின்று வெளுத்த விரல்கள்.
அந்த விரலோடுதான்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றில்
பாம்பனில் என் கடைக்கு வந்தாள்.
முட்டை அட்டை ஒட்டிய ஒற்றை ரூம்.
மின்விசிறியை நிறுத்தினால்தான் பதிவு.
ஒன்பது பாட்டு, ஒரே மத்தியானம்.
தராசில் கட்டை விரல் வைத்தவனுக்கு ஒன்று,
டோக்கன் கிடைக்காத படகுக்கு ஒன்று,
கம்பெனி கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் கேட்டு ஒன்று.
ஏழாவதில் பாலத்து ரயில் புகுந்துவிட்டது.
திரும்பப் பதிவோம் என்றேன்.
"இருக்கட்டும்,
டிக்கெட் எடுத்துத்தானே வருது."

ஒன்பதாவது, கஸ்பார் பாட்டு.
அக்கரையில் பிடிபட்டு
நூற்றுப் பன்னிரண்டாம் நாள் வந்த புருஷன்
வாசலில் நின்றுகொண்டே சோறு தின்றதைப் பற்றி.

கையக் கழுவிட்டு உக்காரு
கடல் இங்க வராது உக்காரு

முந்நூறு கேசட் போட்டோம்.
எண்பத்தெட்டு விற்றது.
மிச்சம் மீன் பெட்டியில், கட்டிலுக்கடியில், இன்றும்.

அதன் பிறகு மேடைகள்,
நான்கோ ஐந்தோ.
தூத்துக்குடித் திருவிழாவில்
மாதா பாட்டு கேட்டார்கள்;
தராசுப் பாட்டைப் பாடினாள்.
மூன்றாவது அடியில் மைக் செத்துவிட்டது.
மதுரையில் அறிவிப்பாளர்
"இப்போது ஒரு மீனவ சகோதரி" என்றார்.
துண்டுச் சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தது நான்தான்.
சென்னையிலிருந்து வந்தவர் ஒருத்தர்
கஸ்பார் மெட்டுக்கு ஐயாயிரம் என்றார்.
"கஸ்பாரையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போவீங்களா?
ராத்திரியில கத்துறாரு" என்று கேட்டாள்.
அவர் டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்.

பிறகு
பாட்டு நின்றதென்று சொல்ல முடியாது.
மேடைகள் நின்றன.
அவள் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதப் போனாள்.
பற்று, வரவு,
ஓரத்தில் பென்சிலில் இரண்டு அடி.
முதலாளி ரப்பர் வாங்கி வைத்தார்.

போன ஆனியில் கலெக்டர் ஆபீஸ் வாசல்.
பாசி எடுக்கிற பெண்கள் மறியல்.
தேவிபட்டினத்துப் பிள்ளை ஒன்று தொடங்க
இருநூறு குரல் பிடித்துக்கொண்டது,
ரயில்வே கேட் வரைக்கும் கேட்டது.
கையில் திணித்த நோட்டீஸைப் பிரித்தேன்.
பாட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில்:
நாட்டுப்புறப் பாடல். ஆசிரியர் பெயர் தெரியவில்லை.

எனக்கு ரத்தம் ஏறிவிட்டது.
கேசட் ஒன்றை எடுத்துக்கொண்டு,
அட்டையில் அவள் போட்டோ, கீழே பெயர், வருஷம்,
கேஸ் போடலாம் என்று பஸ் ஏறிப் போனேன்.

எமரென்சி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டாள்.
நோட்டீஸை ஒருமுறை வாசித்தாள்.
உதடு அசைய இன்னொரு முறை.
விரல் ஒரு சொல்லில் நின்றது.

கையக் கழுவிட்டு உக்காரு
கடல் இங்க வரட்டும் உக்காரு

"வராதுன்னுதான எழுதுனேன்?"
ஆமாம், அதையும் கெடுத்துவிட்டார்கள் என்றேன்.
அவள் பதில் சொல்லவில்லை.
உள்ளே
கஸ்பார் கட்டிலில் புரளும் சத்தம்.

"பொய் சொல்லித்தான் அவரை உக்கார வச்சேன்,
முப்பது வருஷமா" என்றாள்.
"இந்தப் பிள்ளைக
பொய் சொல்லாம உக்கார வைக்குதுக."
கொஞ்சம் கழித்து, பொறாமையாக,
"எனக்குத் தோணலையே."

கேசட் அட்டையை வாங்கி
ஒன்பதாம் பாட்டில் ஒரு சொல்லை அடித்து
மேலே எழுதினாள், பென்சிலில்.

"மிச்சம் எத்தனை கிடக்கு?"
இருநூற்றுப் பன்னிரண்டு.
"கொண்டாங்க, திருத்தணும்.
வரும்போது சீலா தங்கூசி ரெண்டு பாகம்."